வாயை மூடினால் போதாது

ஜனவரி 20, திங்கள்

எனக்குப் பேசத் தடை. கோயம்புத்தூர் டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாண் இரண்டு பக்கமும் காய்த்துப்போயிருக்கிறதாம், கொத்து வேலை செய்கிறவர்களுக்கு உள்ளங்கை காய்ப்பதைப் போல. பதினேழு வருஷம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த மெடல் இது. ஆறு வாரம் ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுப்பாவது பேசலாமா என்று சைகையில் கேட்டேன். அது இன்னும் கெடுதலாம்.

ஆறு வாரத்தில் கரையாவிட்டால் ஆபரேஷன். அதற்குப் பிறகு பழைய குரல் வருமா என்று எழுதிக் காட்டினேன். "வரலாம்" என்றார். வரும் என்று சொல்லவில்லை. நான் டீச்சர். குரல் இல்லாத டீச்சரை எவன் வேலைக்கு வைப்பான்? பயமாக இருக்கிறது.

மிருதுளா இந்த நோட்டைக் கொடுத்து, "பேசோணும்னு தோணுனா இதுல எழுதும்மா, இல்லீன்னா வெடிச்சுருவே" என்றாள். பத்தாவது படிக்கிறாள், பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

ஜனவரி 23, வியாழன்

பள்ளிக் கரஸ்பாண்டென்ட் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "ஜூன்ல ஸ்கூல் தொறக்கறப்ப உங்க தொண்டை சரியாயிருந்தா உங்க கிளாஸ் உங்களுக்குத்தானுங்க டீச்சர்" என்றார். அதுவரை வேறொரு பெண்ணைப் போட்டிருக்கிறாராம். சரியாகாவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, என்னால் கேட்கவும் முடியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பக்கத்துத் தெருப் பள்ளியில் மைக்கில் எவளோ பிள்ளைகளைச் சுருதியே இல்லாமல் பாட வைத்தாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

ஜனவரி 27, திங்கள்

இவர் ஒரு காரியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறார். மோட்டார் பம்ப் கடையில் உட்கார்ந்து மோட்டார் வியாபாரம் மட்டும் பார்க்கிற மனுஷனா என் வீட்டுக்காரர்? தளி ரோட்டில் மாண்டிசோரி பள்ளி நடத்தும் ஜெசிந்தா என்கிற அம்மா, போர்வெல் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர், பள்ளியில் உதவிக்கு இருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள், ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பியிருக்கிறார். உடனே இவர், "எங்க வீட்ல ஒரு டீச்சர் இருக்குதுங்க, ஆனா பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லீட்டாரு" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த அம்மா, "பேசாத டீச்சரைத்தான் நானும் இத்தன வருஷமா தேடிட்டு இருக்கேன்" என்றாராம். இரண்டு பேரும் சிரித்தார்களாம். என் தொண்டை ஊருக்கெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"சும்மா போய்ப் பாரு புள்ள. வீட்ல இருந்தா நீ பாத்திரத்தப் போட்டு உருட்டியே எங்களக் கொன்னு போடுவே" என்றார். முறைத்தேன். முறைப்புக்கு டாக்டர் தடை போடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

முதல் நாள். இது பள்ளிக்கூடம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை. நீளமான கூடம், சுவரோரமெல்லாம் என் இடுப்பு உயரத்துக்கு அலமாரி. இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை எல்லா உருப்படிகளும் ஒரே அறையில். ஒருத்தி ஒரு கிண்ணத்துப் பயறைக் கரண்டியால் இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றுகிறாள். ஒருவன் வாழைப்பழம் நறுக்குகிறான், நிஜக் கத்தியால். இன்னொருவன் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய 'ம'வை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறான். யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அவரவர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

குடிக்கிற தண்ணீருக்குக் கண்ணாடி ஜாடி, கண்ணாடி டம்ளர். எவர்சில்வர் வாங்கக் கூடாதா என்று சீட்டில் எழுதிக் கேட்டேன். "எவர்சில்வரைக் கீழ போட்டா ஒண்ணும் ஆகாது. அப்புறம் குழந்தை எதுக்குக் கவனமா பிடிக்கணும்?" என்றார் ஜெசிந்தா அக்கா. இங்கே பெரியவர்கள் எல்லாருமே அக்காதான். அவருக்கு ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும்.

துவாரகா என்று மூன்றரை வயதுப் பெண். இந்த மாதம்தான் சேர்ந்தவள். ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி டம்ளருக்கு ஊற்றப் பார்த்தாள். ஜாடி ஆடியது. டம்ளர் எங்கே, ஜாடியின் வாய் எங்கே. பார்த்துக்கொண்டு நிற்க என் மனது கேட்குமா? வாங்கி ஊற்றிக் கொடுத்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடிக்காமல் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். நன்றி என்பது இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு எங்கே இருக்கிறது.

போகும்போது ஜெசிந்தா அக்கா சொன்னார்: "நீங்க வாயை மட்டும்தான் மூடியிருக்கீங்க தமயந்தி. கையையும் மூடணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினேழு வருஷ டீச்சருக்குப் பாடம் எடுக்கிறார். வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாதது எவ்வளவு பெரிய கொடுமை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 5, புதன்

ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். என் வளையல். வலது கையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் 'பேசாதே', இரண்டு தட்டினால் 'இங்கே வா'. இரண்டே நாளில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வளையல் சத்தம் கேட்டால் கூடமே நிமிர்ந்து பார்க்கிறது. டீச்சர் என்றால் டீச்சர்தான், குரல் இல்லாவிட்டால் என்ன.

பிப்ரவரி 6, வியாழன்

ஜெசிந்தா அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பரிதி என்கிற ஐந்து வயதுப் பையன் மர எழுத்துகளைப் பாயில் அடுக்கிக்கொண்டிருந்தான். மூச்சுவிடுவதுகூடத் தெரியவில்லை, அப்படி மூழ்கியிருந்தான். "இப்ப தட்டுங்க" என்றார். யாருக்கென்று தெரியாமல் ஒரு தட்டுத் தட்டினேன். பரிதி விருட்டென்று நிமிர்ந்தான். திரும்பக் குனிந்தபோது எங்கே விட்டோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எழுத்துகளைக் கலைத்து விளையாடிவிட்டு எழுந்து போய்விட்டான்.

"அவனா மறுபடி அந்த எடத்துக்கு வர இன்னிக்கு முழுக்க ஆகலாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

வளையலைக் கழற்ற முடியாது, அமாவாசைக்கு மாமியார் வந்தால் வீட்டில் பூகம்பம்தான். அதனால் முழங்கை வரை ஏற்றி, கைக்குட்டையால் சுற்றிக் கட்டிக்கொண்டேன். கையில் அடிபட்டதா என்று தெருவில் நாலு பேர் விசாரித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், லீவு. பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் வீட்டு வாசலில் இவர் மோர் ஊற்றினார். எல்லாரும் அரோகரா போட்டார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். முருகன் கணக்கில் எடுத்துக்கொள்வான்.

பிப்ரவரி 13, வியாழன்

நடந்ததை உடனே எழுதிவிடுகிறேன்.

துவாரகா இந்த வாரம் ஜாடியை நன்றாகப் பிடிக்கப் பழகியிருந்தாள். இன்றைக்கு நிறைய தண்ணீரோடு தூக்கிக்கொண்டு நடந்தாள். நடுவழியில் நழுவியது. சில்லு சில்லாக நாலா பக்கமும். அவள் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றாள். இங்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், உடைந்தால் அசையாதே, கூப்பிடு என்று.

என் வாயிலிருந்து "ஏய்" என்று ஒரு கத்தல் வந்துவிட்டது. நான் கத்தவில்லை, அதுவாக வந்தது. அந்தச் சத்தத்தில் அவள் துள்ளினாள். கால் கண்ணாடியில் பட்டது. ரத்தம்.

பெரிய காயம் இல்லை. ஜெசிந்தா அக்கா கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினார். குத்தியது கண்ணாடி, என் குரல் அல்ல. இருந்தாலும் அந்தக் குழந்தை என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

தொண்டையில் தீ வைத்தது போல எரிகிறது. எல்லாம் போயிற்று. குரலும் போயிற்று, இந்த வேலையும் போயிற்று.

பிப்ரவரி 14, வெள்ளி

'இனி வரமாட்டேன், மன்னிக்கவும்' என்று சீட்டு எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். துவாரகாவின் அம்மா பிரபா வாசலில் நின்றார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். எதிர்த்துப் பேச வாயும் இல்லை.

"ஏனுங்க, பீஸ் கட்டி அனுப்பறது கண்ணாடி ஒடைக்கறதுக்கா?" என்று ஜெசிந்தா அக்காவிடம் ஆரம்பித்தார். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். என் கத்தலையும் சொன்னார். ஒரு வார்த்தை பூசி மெழுகவில்லை. நான் தரையைப் பார்த்தேன். பிரபா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நேத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து காயத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்க. மிச்சக் கண்ணாடிய நானே கூட்டுனேன், நானே கூட்டுனேன்னு ராத்திரி முச்சூடும் அதே பேச்சு" என்றார். குரலில் பாதிக் கோபம்தான் மிச்சம் இருந்தது.

உள்ளே போனால், கட்டுப் போட்ட காலோடு துவாரகா புது ஜாடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். கத்துவேனா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு நின்றேன். அவள் நடந்தாள். பாதி தண்ணீர்தான் எடுத்திருந்தாள், அவளாகவே குறைத்திருக்கிறாள். ஊற்றினாள். குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

சீட்டு பைக்குள்ளேயே இருக்கிறது. திங்கட்கிழமை கொடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

மிருதுளாவுக்கு என்ன ஆயிற்றோ, சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டே இருக்கிறாள். சிநேகிதியோடு சண்டையாம், அப்புறம் சமாதானமாம். கணக்குப் பரீட்சையை நினைத்தால் ராத்திரி தூக்கமே வருவதில்லையாம். எனக்குப் பத்துப் பதில் தொண்டை வரை வந்தது. சொல்ல வழியில்லை, வெங்காயம் உரித்தேன். கடைசியில் அவளே, "காலைல எந்திரிச்சு கணக்க மட்டும் போட்டுப் பாத்துக்கறேன், அப்ப சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

இவள் இவ்வளவு பேசுகிறவள் என்று யார் கண்டது. இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லையோ. படிப்புச் சுமையாக இருக்கும்.

இவரும் காப்பி போடக் கற்றுக்கொண்டார். குடிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

ஜெசிந்தா அக்காவுக்கு நான் எழுதும் சீட்டுகளைப் பரிதி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு 'மழை வரும், பாயை உள்ளே எடுக்கலாமா' என்று எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக வாயில் போட்டு மென்று, "மழை... வரும்" என்று படித்துவிட்டான். படித்துவிட்டு என்னைப் பார்த்தான். சீட்டுக்குள் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. ஓடிப்போய் சின்னதுகளிடம், "டேய், அக்கா மழை வருதுன்னு சொல்றாங்க, பாயெடுங்கடா" என்றான். எல்லாரும் ஆளுக்கொரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டரை வயது உருப்படி ஒன்று தன்னைவிட நீளமான பாயை இழுத்துக்கொண்டு வந்தது. நான் உதவவில்லை. கை பரபரத்தது, ஆனால் உதவவில்லை.

அவனை யாரும் படி என்று சொல்லவில்லை. எனக்கு இது மண்டைக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது. நான் ஒரு 'மழை'யைப் படிக்க வைக்க எத்தனை தடவை கோரஸ் போட்டிருப்பேன்.

அதன் பிறகு சீட்டை வேண்டுமென்றே பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

டாக்டர். ஒரு பக்கம் கரைந்திருக்கிறது, இன்னொரு பக்கம் அப்படியே இருக்கிறது. "நடுவுல கத்துனீங்களா?" என்றார். பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆமாங்க, ஒரே ஒருக்கா" என்று போட்டுக் கொடுத்துவிட்டார். இன்னும் நாலு வாரம் மௌனம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இவர் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

துவாரகா காலையில் வந்ததும் பொத்தான் சட்டத்தை எடுத்தாள். மரச் சட்டத்தில் துணி தைத்து, நடுவில் பெரிய பொத்தான்கள். போடுகிறாள், கழற்றுகிறாள், திரும்பப் போடுகிறாள். பக்கத்தில் ஒருவன் தண்ணீர் கொட்டினான், அவள் திரும்பவில்லை. தின்பண்ட நேரம் வந்தது, எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவளாகவே சட்டத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, தூங்கி எழுந்த முகத்தோடு சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த சின்னப் பையனிடம் போய், தன் கொய்யாப்பழத்தில் பாதியைக் கொடுத்தாள்.

என் வகுப்பில் இப்படி ஒரு குழந்தையை நான் பார்த்ததே இல்லை. ஐம்பது பேரில் எங்கே பார்ப்பது. இருந்திருக்கலாம், நான் மணி அடித்து எழுப்பி விட்டிருப்பேன்.

மார்ச் 28, வெள்ளி

மிருதுளாவுக்குப் பரீட்சை ஆரம்பம். ஹால் டிக்கெட், பேனா எல்லாம் அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். நான் திருநீறு மட்டும் வைத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கரைந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம். இனி தினமும் கொஞ்ச நேரம், மெல்லிய குரலில் பேசிப் பழகலாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதற்குள் டாக்டர், "ஆனா பழைய மாதிரி கத்தக் கூடாது. இப்பன்னு இல்ல, எப்பவும். பெரிய கிளாஸ், மைக் இல்லாம பாட்டு, இதெல்லாம் மறந்துடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வார்த்தையாக மிருதுளாவிடம் "சாப்பிட்டியா?" என்றேன். யாரோ பேசுவது போல இருந்தது. கனமான, தாழ்ந்த குரல். "இந்தக் கொரல் நல்லாருக்குதும்மா" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

கரஸ்பாண்டென்ட் போன் பண்ணினார். டாக்டர் சொன்னதை இவர் சொன்னார். அதற்கு அவர், "ஆபீஸ்ல ஏதாச்சும் வேலை இருந்தா சொல்றனுங்க" என்றாராம். பதினேழு வருஷம். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அழுகையைக்கூடச் சத்தமாக அழ முடியாத பிழைப்பு.

ஏப்ரல் 7, திங்கள்

ஜெசிந்தா அக்காவிடம் பேசிக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஜூன்ல கோயம்புத்தூர்ல மாண்டிசோரி பயிற்சி ஆரம்பிக்குது. ஒரு வருஷம். முடிச்சுட்டு வந்தா இந்தக் கூடத்தை நீங்க பாத்துக்கலாம். எனக்கும் வயசாகுது" என்றார்.

நாற்பத்திரண்டு வயதில் நான் திரும்ப மாணவியா? கரும்பலகையும் பாட்டும் இல்லாமல் நான் என்ன டீச்சர்? குழந்தைகளுக்கு என் குரலே தேவைப்படவில்லை, இத்தனை நாள் அது இல்லாமல் நன்றாகத்தானே இருந்தார்கள். அதுதான் என்னைக் குடைகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இங்கே ஒரு மௌன விளையாட்டு உண்டு. திரையை இறக்கிவிட்டு எல்லாரும் அசையாமல் உட்கார வேண்டும். மின்விசிறிச் சத்தமும் தெருவில் போகும் வண்டிச் சத்தமும் கேட்கும். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் மெல்ல ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்ட குழந்தை சத்தமில்லாமல் நடந்து போக வேண்டும். "இன்னிக்கு நீங்க கூப்பிடுங்க" என்றார் ஜெசிந்தா அக்கா.

நான் இந்தக் குழந்தைகளின் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. "பரிதி" என்றேன். என் குரல் அந்த அறையைத் தாண்டுமா என்றே சந்தேகம். அவன் வந்துவிட்டான். கண்ணெல்லாம் விரிந்திருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், பாதம் தரையில் படுவதே தெரியாமல். கத்தினால் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி யாரும் என்னிடம் வந்ததில்லை. கடைசிப் பெயர் துவாரகா. வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் போகிற நேரம். பிரபா வாசலில் வந்து நின்றார். துவாரகா படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். வார் துளைக்குள் போகவில்லை. பிரபாவுக்கு அவசரம், குனிந்தார்.

"இருங்க. அவ போட்டுக்குவா" என்றேன்.

பிரபா நிமிர்ந்து, "அட, பேச ஆரம்பிச்சுட்டீங்களாக்கும்?" என்றார்.

துவாரகா தலையைத் தூக்காமல் சொன்னாள். "அக்கா இத்தன நாளா பேசறதுக்குப் பழகீட்டு இருந்தாங்கம்மா. நாங்க யாருமே நடுவுல போய்ச் சொல்லிக் குடுக்கல. அவங்களே பண்ணீட்டாங்க."

பிரபாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. இத்தனை பேரும், அந்த இரண்டரை வயது உருப்படி உட்பட, நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வார் துளைக்குள் போனது. அவள் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

உள்ளே வந்து, ஜூன் மாதப் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிடுங்கள் என்று ஜெசிந்தா அக்காவிடம் சொன்னேன். சீட்டு எழுதவில்லை, வாயால்தான் சொன்னேன்.